ஊர் வாய்க்குத் தைத்த பூட்ஸ்

குமராயியின் கெண்டைக்கால் முதல் தடவை பெருத்தபோது, தாலுகா ஊரில் பூட்ஸ் தைக்கிற ராயப்பன் அதைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார், வாயில் வெற்றிலை, காதில் பென்சில், கண்ணில் பாதித் தூக்கம், அப்போது அவர் சொன்னதும் ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை, "அம்மிணிக்குக் கொஞ்சம் தாட்டியான காலுதான்" என்று அளவு எடுக்கிறவர் வாயில் தானாக வருகிற வார்த்தை, அதைச் சொல்லி வாயை மூடுமுன்னே டேப் அவர் விரலுக்குள் ஒரு நூல் நகர்ந்தது.

அவர் டேப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "மூச்சு இழுத்தீங்களா?"

"மூச்சைக் காலுலயா இழுப்பாங்க?" என்றாள் குமராயி.

"இல்லீங்க, போலீசுக்காரங்க எத்தனையோ பேருக்குத் தச்சிருக்கேன், இப்படியொரு காலை நான் பாத்ததில்லே" என்றார் ராயப்பன், டேப் இன்னொரு நூல் நகர்ந்தது. பிறகு ராயப்பன் எழுதியிருந்த அளவை அடித்துவிட்டுப் புது அளவை எழுதிக்கொண்டார், வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

குமராயிக்கு ஊர் மஞ்சக்கரடு. மலையடிவாரத்தில் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர், ஆடி மாசக் குதிரைச் சந்தையை விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அடுத்தவரைச் சொல்லிச் சொல்லியே பெரிசான ஊர். சந்தைத் திடலின் ஓரத்தில் குதிரைக்கார அய்யன் கோயில். அய்யன் சிலைக்கு முட்டி வரை பூட்ஸ் செதுக்கியிருக்கும். சிலை செய்தவன் எந்த வெள்ளைக்காரத் துரையைப் பார்த்து வாயைப் பிளந்தானோ, ஊர் அதற்கு ஒரு கதை கட்டிக்கொண்டது, திருடர்களைத் துரத்தும்போது அய்யன் காலில் காரைமுள் ஏறிவிட்டதாம், அதிலிருந்து பூட்ஸ் இல்லாமல் குதிரை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஆகவே சந்தையன்று காலையில் கோயில் குதிரை திடலை ஒரு சுற்று வந்தால்தான் யாவாரம் தொடங்கும், அதற்கு முதல் வலம் என்று பேர், அந்தக் குதிரைமேல் உட்காருகிறவர் அய்யனைப்போலவே முட்டி வரை பூட்ஸ் போட்டிருக்க வேண்டும், அதுவும் இரவல் பூட்ஸ் ஆகாது. முன்னொரு காலத்தில் எவனோ மச்சானுடைய பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினானாம், பாதித் திடலில் பூட்ஸ் மட்டும் குதிரைமேல் வலம் போக, ஆள் புளியமரத்தடியில் கிடந்தானாம். அன்றிலிருந்து பூசாரி இரண்டு பூட்ஸின் வாயிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்ப்பார். பழம் கெண்டைக்காலுக்கும் தோலுக்கும் நடுவில் மேலேயே நின்றால் அது அந்தக் காலுக்கான பூட்ஸ். உள்ளே விழுந்துவிட்டால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வலம் குமராயியின் அப்பா சென்னியப்பன் வீட்டு உரிமை. உரிமை யாரிடமோ கோயில் குதிரையும் அவர்கள் கொட்டாயில்தான். அவர் மாசியில் கண்ணை மூடினார். வீட்டுக்கு ஒரே வாரிசு குமராயி, புருசன் வீட்டில் வாழப் பிடிக்காமல் திரும்பி வந்தவள், முப்பது வயது தாண்டியவள், சீமாட்டி என்கிற அந்தப் பெண்குதிரையை, அதன் தாய் செத்த அன்றே மடியில் போட்டு ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவள். வருகிற ஆடியில் அவள் பூட்ஸ் மாட்டி ஏறாவிட்டால் உரிமையும் குதிரையும் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி என்றால் பெரியப்பா மகன் கிட்டுச்சாமி. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். அவனுடைய இரண்டு குதிரைகளுக்கும் ஜிகினாத் துணிக்குக் கீழே முதுகெல்லாம் புண், ஜெனரேட்டர் ஒரு பக்கம், பேண்டு செட் ஒரு பக்கம், நடுவில் வாயில் நுரை தள்ள நிற்கும். சீமாட்டியோ இட்லிச் சட்டி மூடி கீழே விழுந்தாலே குமராயியின் தோளுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொள்கிற பிராணி.

பெண்பிள்ளை ஏறக் கூடாது என்று கோயில் வழக்கத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைக்காமல் போனார்களே என்று ஊருக்கு ஆற்றாமை. அதனால் ஊர் அவள் காலைப் பிடித்துக்கொண்டது.

கால் பேச்சுக்குத் தோதாகத்தான் இருந்தது. பொடிசிலிருந்து கரடு ஏறி இறங்கி, சேணமில்லாமல் குதிரை ஏறி, கெண்டைச்சதை இரண்டும் தேங்காய் கட்டினதுபோல் திரண்டிருக்கும். அப்பாவின் கால் முருங்கைக்காய், அவர் பூட்ஸில் அவளுக்கு ஜிப் பாதியில் நின்றது. ஊட்டியில் பந்தயக்குதிரைக்காரர்கள் கழித்துக்கட்டிய பூட்ஸை வாங்கி வந்தாள், பாதம் போனது, கெண்டை போகவில்லை. கோயமுத்தூரில் பட்டாளத்துச் சாமான் விற்கிற கடையில் ஒரு ஜோடி கிடைத்தது, கெண்டை போனது, பாதம் பரிசலில் நிற்பதுபோல நின்றது, முட்டிக்குப் பின்னால் வேறு அறுத்தது. கடைசியில்தான் ராயப்பன்.

அவர் தைத்த முதல் ஜோடி கடையில் போட்டுப் பார்த்தபோது உருவி விட்டதுபோல் உட்கார்ந்தது. ராயப்பன் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். காலிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் "பூட்ஸுக்குத் தனி டிக்கெட்டுங்களா?" என்றான். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் "சென்னியப்பன் மவ ரெண்டு தவில மாட்டிக்கிட்டு வர்றா" என்றார். வீதியில் ஆளுக்கொரு வாய். வாசல்படி ஏறும்போது ஜிப் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பல்லை இளித்துக்கொண்டு பிரிந்தது. அம்மா பாவாத்தாள் ஓடிவந்து தோலை அரிவாள்மனையில் அறுத்து எடுத்தாள், எடுத்துவிட்டுக் காலைத் தடவிக்கொண்டே, "எம் புள்ளைக்கு மட்டும் ஏன் சாமி இப்படிக் காலைக் குடுத்தே" என்று அழுதாள், அது பஸ்ஸிலிருந்து வீடுவரை வாங்கின அத்தனை பேச்சையும்விட அதிகமாகப் பெருக்கிவிட்டது.

"அம்மா, நீ அழுவாத. அழுதா ரொம்ப வீங்குது."

விசயம் மறுநாள் விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை. குழாயடியில், "பேசினா பெருக்குதாமா" என்று ஒருத்தி சொன்னாள், "அப்ப பேசாம இருந்தா வத்திரும்" என்றாள் இன்னொருத்தி, "அதெப்படிப் பேசாம இருக்கறது?" என்றாள் மூன்றாமவள், அவள் கேட்டதுதான் நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது.

அதற்கப்புறம் யார் பேச்சுக்கு எவ்வளவு பெருக்குகிறது என்பதே ஊருக்கு வேலையாகிவிட்டது. வெளியூர்க்காரன் பேச்சுக்குக் கொஞ்சம், சொந்தக்கார ஒறம்பரை பேச்சுக்கு அதிகம், சிரித்துக்கொண்டு சொன்னால் ஒரு கணக்கு, பெருமூச்சு விட்டுச் சொன்னால் ஒரு கணக்கு. தறி ஓட்டுகிற பொன்னான் என்று ஒருவன், வீட்டில் அவன் சொல்லை நாய்கூடக் காதில் வாங்காது, அவன் தினமும் வேலைக்குப் போகிற வழியில் குமராயி வீட்டு முன்னால் நின்று "யானைக்காலு" என்று சொல்லி, கெண்டை அசைவதைக் கண்ணால் பார்த்து, தன் வார்த்தைக்கும் உலகத்தில் ஒரு பலன் இருக்கிறது என்ற திருப்தியோடு போனான். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு "ஒரு வியாதியும் இல்ல, நடக்கணும்" என்றாள், கரடு கரடாய் நடந்து வளர்ந்த காலைப் பார்த்து.

பிறகு ஊர்க் கூட்டம் போட்டார்கள். குதிரைக்காரி காலைப் பற்றி இனி யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது என்று முடிவானது. தலைமை ஆசிரியர் எழுந்து, ஒரு பெண்ணின் கால் எப்படியிருந்தாலும், அது பருத்திருந்தாலும், ஒரே சீராக இல்லாவிட்டாலும், பார்க்க லட்சணமாக இல்லாவிட்டாலும், நாம் அதைப் பெரிசுபடுத்தக் கூடாது என்று வெகுநேரம் பேசினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குமராயிக்குப் பாவாடை நாடாவைப்போல் கொலுசு கெண்டையில் இறுக ஆரம்பித்தது. "அப்ப நல்லதுக்குச் சொல்லலாமுங்களா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. நல்லதுக்குச் சொல்லலாம் என்று தீர்ப்பானது. மறுநாள் காலையிலிருந்து ஊர் மொத்தமும் நல்லதுக்குச் சொல்ல வந்துவிட்டது. கொள்ளுக்கஞ்சி குடி என்றார்கள், புடவையை இன்னும் இறக்கிக் கட்டு என்றார்கள், கருப்பு நிறத்தில் துணி போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்றார்கள், இந்தக் காலை வைத்துக்கொண்டு உனக்கு ஏன் கண்ணு குதிரை என்றார்கள். வைததைவிட நல்லதுக்குச் சொன்னதில்தான் கால் நன்றாகப் பெருத்தது.

குமராயி சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு மேல்கரட்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டாள். அங்கே மனுசர் வாடை கிடையாது. குதிரை அவள் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுனையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கெண்டை மெல்ல மெல்ல வற்றிப் பழைய வடிவுக்கு வருவது கண்ணுக்கே தெரிந்தது. அவள் நூலில் எடுத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பிய அந்த அளவுக்கு ராயப்பன் இரண்டாவது ஜோடி தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு, யாரும் வாயைத் திறக்குமுன் வீடு சேர்ந்துவிடலாம் என்று சீமாட்டிமேல் வெகு வேகமாக இறங்கி வந்தாள். ஆனால் வேகமாகப் போகிறவளைப் பற்றித்தான் ஊர் முதலில் பேசும். கோயில் முக்கில் தையல் விட்டது.

கிழிந்ததைத் தூக்கிக்கொண்டு மறுபடி ராயப்பன் கடையில் போய் நின்றபோது ஆடி பிறந்திருந்தது.

"இந்தத் தடவை எந்த அளவுக்குங்க தைக்கறது?" என்று அவர் அலுத்துப்போய்க் கேட்டார். "நீங்களே சொல்லிருங்க. காலு ஒரு நெலையில நின்னாத்தானே நானும் தைக்க முடியும்."

குமராயி கிழிந்த தோலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர் பேசாத காலுக்கு இவள் பூட்ஸ் தேடித் தேடி அலைந்திருக்கிறாள், அப்படியொரு கால் மஞ்சக்கரட்டில் எங்கே இருக்கப்போகிறது.

"எங் காலுக்கு வேண்டாமுங்க" என்றாள். "ஊர் வாய்க்குத் தைங்க."

"அதுக்கு மாட்டுத்தோலு பத்தாதே அம்மிணி" என்றார் ராயப்பன். ஆனாலும் தைத்தார், எருமைத்தோலை எடுத்து, இரட்டைத் தையல் போட்டு, பாதம் அவள் பாதத்துக்கு, மேலே மட்டும் உரல் வாய்போல அகலமாக.

அதைப் போட்டுக்கொண்டு அவள் மஞ்சக்கரட்டு வீதியில் தொளதொளவென்று நடந்தாள். நடந்தாள் என்பதைவிடக் கால்களை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஊரும் குறை வைக்கவில்லை, அள்ளி அள்ளிப் போட்டது. குழாயடி நிறைத்தது, டீக்கடை நிறைத்தது, பொன்னான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிறைத்தான். சாயங்காலத்துக்குள் பூட்ஸ் முக்கால் பாகம் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்று போனால் தீர்ந்தது.

அப்போதுதான் கிட்டுச்சாமியின் அம்மா பழனாத்தாளுக்குப் புத்தியில் பட்டது. ஊரிலேயே வாய்க்கு முதல் மரியாதை அவளுக்குத்தான், குமராயியின் காலில் பாதிச்சதை அவள் போட்டது. அவள் வீடு வீடாக ஏறினாள். "கூறு கெட்டவங்களா, அவ பூட்ஸை நீங்களே ரொப்பிக் குடுக்கறீங்க. சந்தை முடியற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. நல்லதும் வேண்டாம், பொல்லாததும் வேண்டாம். வத்தட்டும்."

ஆக, மஞ்சக்கரடு வாயை மூடியது. ஒருத்தி வாழ்வதற்கு மூடச்சொன்னபோது ஊருக்கு முடியவில்லை, அவளைக் கெடுப்பதற்கு என்றதும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் படாத பாடு பட்டார்கள். குமராயி வீதியில் வந்தால் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார்கள். டீக்கடை பெஞ்சு மூன்று வடையை ஒன்றாக வாயில் அடைத்துக்கொண்டது. தலைமை ஆசிரியர் தோட்டத்துக் கிணற்றில் தலையைக் கவிழ்த்துப் பேசிவிட்டு வந்தார். பொன்னானுக்கு நாக்கில் கொப்புளம்.

வீட்டில் பாவாத்தாள் மகள் கெண்டை வற்றுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தாள். "நான் வையட்டுமா கண்ணு?" என்றாள். குமராயி காலை நீட்டினாள். "உரல் காலு" என்றாள் அம்மா. கால் அசையவில்லை. "தூணு. தவிலு. யானை." ஒரு நூல்கூட நகரவில்லை.

"மனசுல இருந்து வரோணும் அம்மா."

"வரமாட்டேங்குதே சாமி" என்று சொல்லி, சந்தைக்குப் போக அவள் தலையை வாரிவிட்டாள்.

சந்தையன்று திடல் நிறைய குதிரை, திடல் நிறைய ஆள், ஆனால் அப்படியொரு அமைதியை அந்தத் திடல் கண்டதில்லை. சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் சீமாட்டி பூமாலையோடு நின்றது. எதிர்ப்பக்கம் கிட்டுச்சாமி புத்தம்புது பூட்ஸில், தன் பல்லைத் துலக்கினதைவிட நன்றாக அதைத் துலக்கிக்கொண்டு நின்றான், கையில் சாட்டை. பூசாரி வந்து குமராயியின் பூட்ஸ் வாயில் எலுமிச்சம்பழம் வைத்தார். வலது கால் பழம் உள்ளே விழுந்தது. இடது கால் பழமும் விழுந்தது. அடியில் போய்க் கணுக்காலில் முட்டுகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

பூசாரி தொண்டையைக் கனைத்தார். "உச்சிப்பொழுது வரைக்கும் வழக்கத்துல நேரம் இருக்குது அம்மிணி. அதுக்குள்ள பழம் மேலே நின்னா நீ ஏறலாம். இல்லீன்னா கவுத்தைக் கிட்டுச்சாமி கையில குடுத்திரு."

கிட்டுச்சாமி சாட்டையைச் சும்மா ஒரு தரம் சொடுக்கினான். சீமாட்டி வந்து குமராயியின் தோளுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது, அதன் உடம்பு முழுக்க நடுங்கியது அவள் உடம்பில் தெரிந்தது. குமராயி ஊரைப் பார்த்தாள். ஊர் உதட்டைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அத்தனை கண்ணும் அவள் காலில் இருந்தது.

அவள் சுமைதாங்கிக் கல்லில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, நிதானமாக, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே, கால்மேல் கால் போட்டாள்.

"அண்ணா, ஒரு டீ" என்றாள் டீக்காரரிடம். "சக்கரை தூக்கலா."

டீ வந்தது. அவள் அதை ஆற்றினாள், ஒரு வாய் குடித்தாள், ஒரு வர்க்கியை எடுத்து நனைத்தாள், மேலே கிடந்த காலை லேசாக ஆட்டினாள். பெரியவர்கள் பெஞ்சில் ஒருவருக்கு இருமல் வந்தது. தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். வெயில் ஏறியது. அவள் இரண்டாவது டீ சொன்னாள். பூட்ஸ் முனை பெரியவர்கள் மூஞ்சிக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆடியது. பூசாரி நிழலைப் பார்த்தார், நிழல் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.

பழனாத்தாள் முன்வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். இன்னும் கொஞ்ச நேரம், ஒரு டீ குடிக்கிற நேரம், அவள் பொறுத்திருந்தால் போதும், குதிரை அவள் வீட்டுக் கொட்டாயில். குமராயி அவளைப் பார்த்து, இதமாக, "பெரிம்மா, நீங்களும் ஒரு டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காலை மாற்றிப் போட்டாள்.

"அடியே" என்று ஒரு சத்தம் பழனாத்தாளின் வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பியது.

"அம்மா, வேண்டாம்மா" என்றான் கிட்டுச்சாமி.

"உட்ரா கையை. அடியே, பெத்த அப்பன் செத்து வருசம் திரும்பலே, பெரியவங்க இருக்கற சபையில, அந்தப் பந்தக்காலு ரெண்டையும் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆட்டறியே, அது காலாடி, கட்டினவன் அந்தக் காலைப் பாத்துத்தானடி பயந்து உன்னை இங்கே தாட்டி உட்டான்—"

எருமைத்தோல் கிறீச்சென்றது. பழனாத்தாள் உடைத்துவிட்டாள் என்றதும் ஊர் உடைந்தது, பெஞ்சு பேசியது, குழாயடி பேசியது, கிணற்றில் பேசினது போதாத தலைமை ஆசிரியர் பேசினார், பொன்னான் கொப்புள நாக்கோடு அழுதுகொண்டே பேசினான், இத்தனை நாள் கட்டி வைத்ததெல்லாம் திடலில் கொட்டியது. குமராயியின் இரண்டு பூட்ஸுக்குள்ளும் அடியில் கிடந்த எலுமிச்சம்பழம், பால் பொங்கி வருவதுபோல, மெல்ல மெல்ல மேலே வந்தது, வந்து வாயில் நின்றது, கூட்டில் முட்டைபோல உட்கார்ந்தது. தையல் இறுகியது, ஒரு புரி விடவில்லை. ஊர் வாய்க்குத் தைத்த பூட்ஸ் அல்லவா.

பூசாரி குனிந்து பார்த்தார். பழத்தைச் சுண்டு விரலால் அழுத்தியும் பார்த்தார். "நிக்குது" என்றார்.

குமராயி டீ டம்ளரை வைத்தாள். ஒரு பழத்தை அய்யன் காலடியில் வைக்கச் சொல்லி பூசாரியிடம் கொடுத்தாள். இன்னொன்றைப் பழனாத்தாளின் கையில் வைத்தாள். "தொண்டை காஞ்சிருக்கும் பெரிம்மா. பிழிஞ்சு குடிங்க." பிறகு கல்லில் கால் வைத்துச் சீமாட்டிமேல் ஏறிக் காலை அணைத்தாள், அந்தப் பந்தக்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாய்ப் பட்டதும் குதிரையின் நடுக்கம் நின்றது, திடலை ஒரு சுற்று, அவசரமில்லாமல், ஒவ்வொரு மூஞ்சியையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது மஞ்சக்கரட்டுக்காரர்களிடம் கேட்டால், அந்தக் கால் நாங்கள் வளர்த்த கால் என்பார்கள். சந்தைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் பொன்னான் கெண்டையில் எந்த இடம் தன்னுடையது என்று கைகாட்டிச் சொல்கிறான். பெருமையாகப் பேசிப் பேசி இளக்காரம் குறைந்து போனதால், வருசத்தில் பாதி நாள் அவள் கால் வற்றிப்போய் பூட்ஸ் தொளதொளவென்று கிடக்கும். குமராயி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆடி பிறந்தால் ஒருநாள் டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்காருவாள், கால்மேல் கால் போடுவாள், சக்கரை தூக்கலாக ஒரு டீ சொல்லுவாள். டம்ளர் காலியாவதற்குள் பூட்ஸ் சரியாகிவிடும்.